ஒரு கை பாக்கெட்டில்

மேஜைமேல், ரிப்பேருக்கு நின்ற ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கிடந்த ஈயக் கம்பியின் நுனியில் பல் தடம் இருந்தது.

மெக்கானிக் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய ஆம்ப்ளிஃபயர்களைப் பிரிக்கிறவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு பழக்கம் உண்டு. பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விடமாட்டார்கள். ஒரு கையில் ஏறுகிற கரண்ட் மறு கை வழியாக இறங்கினால், நடுவில் இருப்பது நெஞ்சு. அதனால் இடக்கையை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வலக்கையால் மட்டும் வேலை செய்வார்கள். வலக்கையில் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் இருக்கும்போது ஈயத்தை யார் பிடிப்பது? பல்தான். அவரும் முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறார். ஆனால் இந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"எனக்கு முன்னாடி யாராவது இதுல கை வெச்சாங்களாம்மா?"

வீட்டுக்கார அம்மாள் வாசற்படியிலேயே நின்றார். அறைக்குள் வரவில்லை. "ஒருத்தர் வந்தாரு. சரி பண்ணிடலாம்னாரு. அப்புறம் ஆளக் காணோம். டூல்ஸக்கூட எடுத்துட்டுப் போகல."

"பாதியில ஓடிட்டாரா!" என்று மெக்கானிக் சிரித்தார்.

"ஓடினத நான் பாக்கல" என்றார் அந்த அம்மாள்.

பாட்டு கேட்பதற்கென்றே அவருடைய கணவர் கட்டிய அறை அது. சுவர்களிலும் கூரையிலும் சாம்பல் நிறப் பஞ்சு, தரையில் கால் புதைகிற கம்பளம், நான்கு விரல் கனத்தில் ரப்பர் விளிம்பு வைத்த கதவு. ஜன்னல் கிடையாது. வெளியே சுள்ளென்று மத்தியான வெயில். தெருவில் வண்டிகள், யாரோ துணி துவைக்கிற சத்தம். எல்லாம் வாசற்படியோடு நின்றுவிட்டன. உள்ளே மெக்கானிக் எச்சில் விழுங்கியதே அவருக்குப் பெரிதாகக் கேட்டது.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன்" என்றார் அம்மாள். "இது தேறாது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்லிடுங்களேன். நான் சொன்னா என் பையன் கேக்க மாட்டேங்கறான். அப்பாவோடதாச்சே, ரிப்பேர் பண்ணலாம்னே நிக்கறான். மெக்கானிக் வாயால வந்தா ஒத்துப்பான்."

அவர் வாயால் வராத ஒரே வாக்கியம் அதுதான். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'தேத்திடலாம்'. "உங்களக் கேட்டா எமன்கூட வெறுங்கையோட திரும்பணும்" என்று அவர் மனைவி கிண்டல் செய்வாள். அவர் மூடியின் திருகுகளைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். வேலை அவரை இழுத்துக்கொண்டது.

"இங்க பாருங்கம்மா, உருண்டையா நாலு டப்பா இருக்கே, இதான் கெபாசிட்டர். மொட்டை மாடித் தொட்டி மாதிரி. கரண்ட்ட ரொப்பி வெச்சுக்கிட்டு, பாட்டுக்கு வேணுங்கும்போதெல்லாம் ஊத்தும். தொட்டி பழசாயிருச்சு, அதான் உர்ருங்குது. முன்னாடி வந்தவரு ஒண்ண மாத்திருக்காரு. ரெண்டாவதுல ஒரு கால் மட்டும் ஒட்டிருக்காரு. இன்னொரு கால் ஒட்டாம நிக்குது."

ஒட்டிய ஈயம் பளபளவென்று இருந்தது. ஏதோ நேற்று வைத்தது போல.

"தேத்திடலாம்மா. இன்னும் இருபது வருஷம் பாடும்."

அம்மாள் கதவில் கை வைத்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அவரும் இப்படித்தான் சொன்னாரு." கதவை இழுத்தார். "பூனை வந்துரும், சாத்திக்கறேன். உள்பக்கம் கைப்பிடி கழண்டு போச்சு. முடிஞ்சதும் அந்த பெல்ல அமுக்குங்க."

ரப்பர் விளிம்பு சுவரில் போய் அழுந்தியது. காதுகள் அடைத்துக்கொண்டன.

இடக்கை பாக்கெட்டுக்குப் போனது. மீதி டப்பாக்களையும் மாற்றி, எல்லாக் கால்களையும் ஒட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பையிலிருந்து டெஸ்ட் பல்பை எடுத்தார். நோயாளிப் பெட்டியை நேராக பிளக்கில் சொருகக்கூடாது. கரண்ட் முதலில் ஒரு குண்டு பல்பைக் கடந்து பெட்டிக்குள் போகும்படி இணைக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். சரியாக இருந்தால் தொட்டிகள் ரொம்பும்வரை ஒரு மின்னல் அடித்துவிட்டு மங்கிவிடும்.

சுவிட்ச் போட்டார். பல்பு மின்னியது, மங்கியது. உள்ளே ரிலே 'டிக்' என்று விழுந்து ஸ்பீக்கர்களை இணைத்தது. நல்ல பிள்ளை.

பல்பு மெல்லப் பிரகாசமானது. மங்கியது. மறுபடி பிரகாசமானது.

லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று நினைத்தார். ஆனால் தாளம் தப்பாமலா? அவர் மூச்சு விடுகிற வேகத்துக்கே அது ஏறி இறங்குவது போலத் தோன்றியது. மூச்சைப் பிடித்தார்.

பல்பு மூச்சைப் பிடிக்கவில்லை.

இடது ஸ்பீக்கரில் காதை வைத்தார். அந்த உர்ர் சத்தம் போயிருந்தது. அதன் இடத்தில் லேசான இரைச்சல், சீராக, உள்ளே இழுத்து வெளியே விட்டு. அவருக்கு அந்தச் சத்தம் பழக்கம். முப்பது வருஷமாகத் தன்னிடமிருந்தே கேட்டது. பல்லுக்கு நடுவில் எதையோ கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

பிளக்கைப் பிடுங்கினார்.

மூச்சு நிற்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்கே பாடம் எடுத்துக்கொண்டார். மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் வரத்தானே செய்யும். தொட்டியைக் காலி செய்ய வேண்டும். கரண்ட்டை வடிக்கிற ரெசிஸ்டரை கெபாசிட்டரின் இரு கால்களிலும் வைத்து அழுத்தினார். ஒவ்வொன்றாக நான்கும். மீட்டரில் முள் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. ஸ்பீக்கர் அடங்கியது.

முள் அசைந்தது.

அதுவும் இயல்புதான். காலியான கெபாசிட்டரில் ஈரம் கசிவது போல ஒன்றிரண்டு வோல்ட் தானாக ஊறும். இரண்டு. சரி. ஐந்து. பதினொன்று. முப்பது.

நாற்பத்தொன்று.

அவரிடம் இருந்த விளக்கங்கள் தீர்ந்துவிட்டன.

கதவுக்குப் போய் பெல்லை அமுக்கினார். வெளியே மணி அடித்ததா? இந்த அறைக்குள் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. மறுபடி அமுக்கினார். அமுக்கியபடியே நின்றார். கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. விரலை விட்டு இழுத்தார், நகம் பிய்ந்தது. இரண்டு கைகளாலும் அறைந்தார். கதவிலும் பஞ்சு. சத்தமே எழவில்லை.

"அம்மா! தேறாதும்மா! தூக்கிப் போட்டுடலாம்! புதுசு வாங்கிடலாம்!"

முப்பது வருஷத்தில் முதல் தடவை. சுவர்கள் அதை அப்படியே விழுங்கின.

அவருடைய நிழல் கதவில் விழுந்தது. அதுவரை அங்கே நிழல் இல்லை.

திரும்பினார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. பிளக் கம்பளத்தின்மேல் கிடந்தது, இரண்டு பித்தளைக் கால்களும் மேலே பார்த்தபடி. கரண்ட் ஓட வட்டம் வேண்டும். போகிற வழியும் திரும்புகிற வழியும் எங்கோ ஓரிடத்தில் சேர வேண்டும். அறுந்த வட்டத்தில் எதுவும் எரியாது.

எங்கே சேர்கிறது?

ஒயரை வெட்டிவிட்டால் போதும். கட்டிங் பிளேயர் பெட்டியின் மேல் இருந்தது. நான்கு அடி. மூன்று. வலக்கையை நீட்டினார். விரல்கள் பெட்டியின் உலோகத்தில் பட்டன.

பழக்கம். இடக்கை, யாரும் சொல்லாமலே, பாக்கெட்டுக்குள் போனது.

உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

விரல்களுக்கு இடையில் விரல்கள் நுழைந்தன. குளிர்ச்சி. சூடு பட்டுச் சூடு பட்டுக் காய்த்துப்போன நுனிகள். இறுகின.

வலக்கை உலோகத்திலிருந்து எழவில்லை.

ஒரு கையிலிருந்து மறு கைக்கு. நடுவில் நெஞ்சு.

டிக், என்றது ரிலே.

பல்பு மெல்ல மங்கியது, பிரகாசமானது, மங்கியது. ஸ்பீக்கரில் இப்போது இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.