சேனைத் தண்ணீர்

பிள்ளையின் உதட்டோரம் மூன்று எறும்புகள் ஊர்ந்தன. ஜெனிட்டா அவற்றைத் தட்டிவிட்டுக் குனிந்து முகர்ந்தாள். பால் வாசம் இல்லை. கரைத்த வெல்லத்தின் வாசம்.

பிறந்து ஒன்பது நாள். சிதம்பரத்து டாக்டர் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. "ஒங்க ஒடம்புல உண்டான எதிர்ப்புச் சக்திதாம்மா பிள்ளைக்குள்ள போயி அதோட வெள்ளணுவ அழிக்குது. ரெண்டு மூணு மாசத்துல தானா சரியாயிடும். அதுவரைக்கும் யாரையும் தொட வுடாதீங்க. சின்னக் கிருமி போதும்."

காலையில் நாத்தனார் ரோசி வெல்லத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைக்க வேண்டும். வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஜெனிட்டா கேட்டைத் திறக்கவில்லை.

"ராஜா வூட்டுப் பிள்ள பாரு, அத்த கை படக்கூடாதாம்!" திட்டிக்கொண்டே போனாள்.

இப்போது பகல் இரண்டு மணி. கரண்ட் இல்லை. அடைத்த சன்னலுக்கு அப்பால், தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து, கடல் பெருமூச்சு விடுவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. ஜெனிட்டா கதவைப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ரோசிக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, உள்ள வந்தீங்களா?"

"நெல்லிக்குப்பத்துல சோறு வடிச்சிட்டு இருக்கேன்டி. பூட்டுன வூட்டுக்குள்ள வர நான் என்ன பூனையா?"

போனை வைத்தவுடன் மறுபடி மணி அடித்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போயிருந்த கணவன் ஜெபஸ்டின்.

"ஜெனி, வெள்ளணு நானூறு இருந்தது தொண்ணூறுக்கு வந்துடுச்சி. சொரம் இருக்கா பாரு. இருந்தா ஒடனே இங்க கொண்டாரணுமாம்."

நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள். கை கழுவத் திரும்பினாள்.

சப்பும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். உதடு மறுபடி ஈரம். பிள்ளையை வாரி எடுத்துச் சுவரோடு ஒண்டினாள். சத்தம் நிற்கவில்லை. கன்னம் குழிந்தது. நிமிர்ந்தது. குழிந்தது. வாய் மூடவில்லை. ஒரு விரல் கனத்துக்கு உதடுகள் வட்டமாக விரிந்திருந்தன.

பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

அவள் உள்ளங்கையில் நகம் ஒன்று கீறிக்கொண்டு நகர்ந்தது. நீளமான, ஈரமான நகம். பின்வாங்கவில்லை. உள்ளேதான் போனது.

பிள்ளை அழவில்லை. ஆசையாகச் சப்பியது. அவள் மார்பில் ஒட்டியிருந்த அந்தச் சின்ன உடம்பு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டிருந்தது.