சிவப்புப் பட்டையை வெட்டியது யார்?

ஏழாம் நம்பர் கட்டிலில் இருந்த தையல்காரர் மூச்சுக்குத் திணற ஆரம்பித்தபோது மணி காலை பத்து இருபது.

உதடு வீங்கியது. முகம் நீலம் பாரித்தது. கண்கள் செருகின...

"சார்!" என்று பெரிய சிஸ்டர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். பின்னாலேயே நான்கு பயிற்சி டாக்டர்கள். தொடையில் ஒரு ஊசி. முகத்தில் ஆக்சிஜன். மறுபடி ஒரு ஊசி... பதினைந்து நிமிடப் போராட்டம்.

ஆள் பிழைத்தார். மயிரிழையில்!

"என்ன மருந்து போட்டீங்க?"

"நீங்க எழுதின பென்சிலின்தான் சார்."

"அவருக்கு அது ஆகாதே. கையில சிவப்புப் பட்டை இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"பட்டை இல்லை சார்."

டாக்டர் தையல்காரரின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

இல்லை!

சிவப்புப் பட்டை என்பது டாக்டரின் செல்லப்பிள்ளை. ஏதாவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு, ஆஸ்பத்திரியில் சேரும்போதே கையில் சிவப்புப் பட்டை. மற்றவர்களுக்கு வெள்ளை. சிவப்பைப் பார்த்தால் ஊசி போடுகிறவர் நின்று, விசாரித்துவிட்டுத்தான் போட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தவர் அவர். டாக்டர்களுக்கு வகுப்பு எடுத்தார். நர்ஸ்களுக்கு எடுத்தார். வாசல் காவலாளியைக்கூட விடவில்லை. போன மாதம் மாநாட்டில் பேசிக் கைத்தட்டலும் வாங்கி வந்திருந்தார்.

கட்டிலுக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையிலிருந்து ஒரு பயிற்சி டாக்டர் பட்டையை எடுத்தார்.

நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது...

"இது தவறு இல்லை. திட்டம் போட்டுச் செஞ்ச வேலை," என்றார் டாக்டர். அவர் விரல் பெரிய சிஸ்டரின் சட்டைப் பையை நோக்கி நீண்டது.

பையில் கத்தரிக்கோல்!

"பத்தொன்பது வருஷமா இங்க இருக்கேன் சார்..." என்றாள் சிஸ்டர். மொத்த வார்டும் அவளையே பார்த்தது.

டாக்டர் போலீசுக்கு போன் போட்டார்.

அரை மணியில் வந்து இறங்கியவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். கேள்வி கேட்பதில் அவசரமே இல்லாதவர்.

"இவருக்கு எதிரிங்க யாராவது உண்டா டாக்டர்?"

"தெரியாது."

"குடும்பத்துல யார் யாரு?"

"தெரியாது."

"எத்தனை நாளா இங்க இருக்கார்?"

"ஆறு நாளா. தினமும் நான்தான் பார்க்கறேன்."

"தினமும் பார்த்துமா ஒண்ணும் தெரியலை?"

"நான் கேஸைப் பார்க்கறேன் மேடம்."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை.

"ஆகாத ஊசியை எழுதினது யாரு?"

"நான்தான். ஒரு நாளைக்கு அறுபது பேர். எழுதும்போது ஞாபகம் வரலை. அந்த மாதிரி நேரத்துல என்னைத் தடுக்கத்தானே பட்டையே இருக்கு?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பயிற்சி டாக்டர்கள் நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சிஸ்டரின் கத்தரிக்கோலை வாங்கினார். ஒரு துண்டு பேண்டேஜை வெட்டிப் பார்த்தார். பிளாஸ்டர் வெட்டியே மழுங்கிப்போன கத்தரி. ஓரமெல்லாம் பிசிறு!

பட்டையில் ஒரு பிசிறுகூட இல்லை.

"இது பழகின கை டாக்டர். பாதிக்கப்பட்டவர் என்ன சொல்றார்?"

"யாரு?"

"நோயாளி."

"அவரையா கேட்கணும்?" என்றார் டாக்டர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

தையல்காரர் கண் விழித்திருந்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் முகம் வெளிறியது. தலையணைக்கு அடியில் கையை விட்டு, நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நான்தான் வெட்டினேன் அம்மா. ஆஸ்பத்திரிச் சாமான்னு தெரியும். இதுக்குப் போலீஸ் வரும்னு நினைக்கலை..."

இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டார்.

"ஏன் வெட்டினீங்க?"

"எல்லாருக்கும் வெள்ளை, எனக்கு மட்டும் சிவப்பு. ஒட்டுற வியாதிக்காரனுக்குத்தான் சிவப்பு கட்டுவாங்கன்னு பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். இன்னைக்குப் பேத்தி வர்றா. வந்ததும் கையைத்தான் பிடிச்சுக்குவா..."

"யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. நேத்து ஐயாவையே கேட்டேன். ஐயா இந்தச் சின்ன டாக்டருங்களுக்குப் பாடம் சொல்லிட்டு இருந்தார். 'அது எங்க விஷயம், நீங்க பேசாம படுங்க'ன்னார். வெளியே சொல்ல முடியாத வியாதி போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. அதுதான் டாக்டரைக் கொன்றது.

நேற்று இதே கட்டிலின் கால்மாட்டில் நின்று அவர் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது.

நோயாளியின் பாதுகாப்பு!

ஊரில் உள்ள எல்லோருக்கும் பட்டையைப் பற்றி விளக்கியிருந்தார். அதைக் கட்டிக்கொண்டிருந்த ஆளைத் தவிர. வெட்கம் முகமெல்லாம் பரவியது. தலையை எங்கே திருப்பினாலும் ஏதாவது ஒரு பயிற்சி டாக்டரின் கண்.

"சிஸ்டர்..." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "இத்தனை பேர் முன்னாடி உங்க மேல பழி போட்டேன். இத்தனை பேர் முன்னாடியே சொல்றேன். மன்னிச்சிடுங்க."

"ஊசியைப் போட்டது நான் சார். கையில எந்தப் பட்டையுமே இல்லாதப்ப, எந்த மருந்தாவது ஆகாதான்னு நானும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றாள் சிஸ்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஆறு நாளில் முதல்முறையாக அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒட்டுற வியாதி எதுவும் இல்லை. சேரும்போது நீங்க சொன்ன மாதிரி, பென்சிலின் உங்க உடம்புக்கு ஆகாது. எங்களுக்கு அது மறந்துடக் கூடாதுன்னுதான் சிவப்பு கட்டறோம். கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்ப பேத்தி தொடலாமா?"

"தாராளமா."

தையல்காரர் புதுப் பட்டைக்குக் கையை நீட்டினார். டாக்டரே கட்டினார்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "புகார் கொடுத்ததும் நீங்க. தேடின ஆளும் நீங்களேதான். என்ன டாக்டர், ஜீப்புல ஏறலாமா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். டாக்டரோ நிஜமாகவே எழுந்துவிட்டார்.

"வர்றேன் மேடம்."

தையல்காரர் பதறிப்போய் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, ஐயாவைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்கார்."