நிறம் போன தண்ணீர்

கிணற்று மீன் மேலே வரவில்லை.

வேலை விட்டு வந்ததும் நாலு சோற்றுப் பருக்கையைக் கிணற்றில் போடுவது ஞானதாஸின் வழக்கம். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று அவனே சைதாப்பேட்டைச் சந்தையில் வாங்கிவந்து விட்ட கெண்டை, பருக்கை விழுந்த சத்தத்துக்கே வாயைப் பிளந்துகொண்டு வந்துவிடும். இன்று பருக்கைகள் மிதந்தபடியே கிடந்தன. எட்டிப் பார்த்தான். அடையாற்றின் சேற்று நாற்றத்தை அந்திக் காற்று அள்ளி வந்து கொட்டியது. அதற்கும் அடியில், தீக்குச்சி உரசினாற்போல் மெல்லிய கந்தக நெடி. தன் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டான். நாள் முழுக்கச் சாயத்தொட்டிகளோடு மாரடித்துவிட்டு வந்தவனுக்கு மேற்கொண்டு யோசிக்கத் தெம்பு இல்லை.

பின்பக்கச் சுவரைத் தாண்டினால் கம்பெனி. வீடும் கம்பெனி கொடுத்ததுதான். சும்மாவா கொடுத்தார்கள்? நீலச் சாயக் கழிவைச் சுத்தம் செய்ய ஏற்பாடு பண்ணினால் ஒரு வருஷ லாபம் போய்விடும் என்று முதலாளி வெள்ளைத்துரை கையைப் பிசைந்தபோது, கந்தக மருந்து போட்டு நிறத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று வழி சொன்ன கெமிஸ்ட் இந்த ஞானதாஸ்தான். நிறம் போன கழிவைக் காம்பவுண்டுக்குள்ளேயே துளை போட்டுப் பூமிக்குள் விட்டார்கள். பார்க்க வந்த அதிகாரி ஒரு கிளாஸில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

"கண்ணாடியாட்டம் இருக்கு. இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்று முதலாளி இவன் தோளைத் தட்டினார். பாவி மனுஷன், இவனும் அதையே நம்பினான். சாயக்காரன் கண்ணுக்கு நிறம் போனால் எல்லாம் போனமாதிரிதான்.

ராட்டினம் கிறீச்சிட ஒரு வாளி இறைத்தான். தண்ணீர் பளிங்காக இருந்தது. அவன் நிம்மதியாக முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

கரண்ட் இல்லை. அடுக்களையில் லூயிசா சிம்னி விளக்கோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, வேளாங்கண்ணிக்கு நடையாய் நடந்து பெற்ற பெண் குழந்தைக்கு இப்போதுதான் மூன்று மாதம். அதன்மேல் இருவரும் உயிரையே வைத்திருந்தார்கள்.

"பாப்பா காலைலேர்ந்து தூங்கிக்கினே இருக்குங்க. அழவேயில்ல," என்றாள். தனக்குப் பால் வற்றிவிட்டதால் ஒரு வாரமாக மாவுப்பால்தான் கரைத்துக் கொடுப்பதாகச் சொன்னாள்.

"எந்தத் தண்ணில?"

"நம்ம கெணத்துத் தண்ணிதான். நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுக்கறேன்."

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். வெளியே, காற்றில்லாத நேரத்தில், கிணற்றுக்குள் ஏதோ களக் களக்கென்று கொப்புளித்தது. கம்பெனியில் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடும்போது கேட்கும் அதே சத்தம். தூளி அசையாமல் தொங்கியது. குனிந்தான். பால் வாசம் இல்லை. கந்தக நெடி.

குழந்தை கொட்டாவி விட்டது. வாய்க்குள் எல்லாம் வெளிறி, மஞ்சள் பாய்ந்திருந்தது.

சாயத்தொட்டிக்குள் முக்கின துணியும் இப்படித்தான் மஞ்சளாக இருக்கும். மருந்து நீலத்தை ஒளித்துத்தான் வைக்கும், அழிக்காது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலம் ஏறும். தினமும் பார்க்கிறான். எப்படி மறந்தான்?

குழந்தை மூச்சை இழுத்தது.

நாக்கின் நுனியில் ஒரு பொட்டு நீலம்.

இன்னொரு மூச்சு. ஈறு.

இன்னொன்று. உதடு.

காற்றுப் படக்கூடாது. பட்டால் ஏறும்.

லூயிசா பால் புட்டியோடு வந்து நின்றபோது, அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பயப்படாத," என்றான், களைத்துப்போன குரலில். "காத்து படாம பாத்துக்கிட்டா ஏறாது."

அவன் உள்ளங்கை குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடியிருந்தது. தூளிக்கு வெளியே இரண்டு பிஞ்சுக் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.