இடது கண்ணை மூடிக்கொண்டு வந்தவர்

பகல் பன்னிரண்டு மணிக்கும் எங்கள் கண் மருத்துவமனையில் இருட்டாக இருக்கும் ஒரே இடம் என்னுடைய பரிசோதனை அறைதான். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, எதிர்ச் சுவரில் வெளிச்சமிட்ட எழுத்துப் பலகை, நடுவில் தாடையை வைத்தால் கண்ணை அளந்து சீட்டு அடித்துத் தரும் கம்ப்யூட்டர் மிஷின். பன்னிரண்டு வருடமாகப் பழகிய இருட்டு. அன்று திரையை இழுத்துவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

உள்ளங்கையால் இடது கண்ணை மூடியிருந்தார். நோயாளிகள் எல்லோரும் செய்வதுதான். நாங்களும் முகத்தைப் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்போம். டார்ச் அடித்தேன். வலது கண்மணி சுருங்கவில்லை.

வெடிமருந்து வாசனை வந்தது.

"கைய எடுங்கய்யா," என்றேன்.

விரல்களுக்கிடையே ஏதோ கசிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அண்ணனின் பக்கத்து வீட்டு ஓவர்சீயர். போன வருடம் என் அண்ணன் சுட்டு இறந்துபோனவர். குண்டு இடது கண்ணில் பாய்ந்திருந்தது.

அண்ணனுக்கு வீட்டில் ஆந்தை என்று பெயர். இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு மூக்கு வைக்கலாம் என்று அம்மாவே கேலி செய்வாள். காவலாளி வேலை கிடைத்திருப்பதாகவும், துப்பாக்கி உரிமத்துக்குக் கண் சான்றிதழ் வேண்டுமென்றும் என்னிடம் வந்தான். பலகையில் மூன்றாவது வரிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே. மிஷினில் உட்கார வைக்காமலே, பார்வை முழுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்கால இருட்டில் வெறிநாய் என்று நினைத்துச் சுட்டுவிட்டதாக அவன் சொன்னபோது, பார்வை சரியில்லாதவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது நான்தான் என்று நினைத்தேன். பெரியவர் வந்த அன்றைக்கு மறுநாள் கோர்ட்டில் அதை ஒப்புக்கொள்வதாக இருந்தேன். என் வேலை போகும், அவன் தப்பிப்பான்.

நாற்காலி இப்போது காலியாக இருந்தது.

மிஷின் ஓட ஆரம்பித்தது.

சீட்டு வந்தது. வலது பூஜ்யம், இடது பூஜ்யம். துளிக் குறையில்லாத கண்கள். கண்மணிகளுக்கு இடையே தூரம் எழுபத்துநான்கு மில்லிமீட்டர். அந்த அகலத்தை ஒரே முகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்த முகம் இந்த மிஷினில் தாடை வைத்ததே இல்லை.

பலகையின் முன் யாரும் நடிக்கலாம். மிஷின் யாரிடமும் கேட்டு எழுதுவதில்லை. அப்படியானால் அந்த அழுகை? கொலையை விபத்தாக்க என்னையே சாட்சியாக்கத்தான். கூடப் பிறந்தவளை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் என்னை வக்கீலிடம் கூட்டிப்போக, ஜாமீனில் இருந்த அண்ணன் வந்தான். சீட்டை நீட்டினேன்.

"உனக்கு நல்லாத்தானே தெரியுது? எதுக்கு அழுத?"

அந்த அரை இருட்டில் பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோகாமலே படித்தான்.

"ஒரு முழ நிலத்துக்கு அந்தாளு என்னை நாலு வருஷம் அலையவிட்டான்." குரலைத் தாழ்த்தினான். "எனக்குத் தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன? கையெழுத்து உன்னோடதுதானே."

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறி, அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றேன். வேறு மருத்துவமனை மிஷினில் உட்கார வைத்தார்கள். அதுவும் அதையே சொன்னது. அண்ணன் சிறைக்குப் போனான். சான்றிதழ் கொடுக்கும்போது முறையாகச் சோதித்தீர்களா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். சான்றிதழில் இருந்தது உண்மையாகிவிட்டதால், யாரும் என்னை அதற்குமேல் கேட்கவில்லை. வேலையும் பிழைத்தது.

இன்றும் அதே அறைதான். பகல் பன்னிரண்டுக்கு, நாற்காலியில் ஆளில்லாதபோது, மிஷின் தானாக ஓடும். வாசனை வரும், பிறகு சீட்டு வரும்.

எழுபத்துநான்கு அல்ல. தூரம் அறுபத்தொன்று. வலது ஒன்றேகால், இடது இரண்டு.

நான் போட்டிருக்கும் கண்ணாடியின் பவர் அது.