நாற்பத்தொன்றாவது குழாய்

மதியம் ஒன்றரை மணிக்கு அந்தப் பழைய காய்ச்சல் வார்டில் போய் இறங்கினேன். இப்போது அது ஆய்வு நிலையம். மருத்துவர்கள் ஒரு பக்கம், கால்நடை டாக்டர்கள் ஒரு பக்கம், வௌவால் பிடிப்பவர்கள் ஒரு பக்கம். மூன்று தரப்பும் எடுக்கும் ரத்தத்தை ஒரே பட்டியலில் சேர்த்து, காட்டிலிருந்து எந்த நோய் மனிதனுக்குத் தாவுகிறது என்று பார்க்க வைப்பது என் வேலை. ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள். மாமியார், நாத்தனார் பஞ்சாயத்து எவ்வளவோ தேவலை.

இப்போது குகைக்குள் போய் வௌவால் பிடிப்பவன் என் தம்பி. அவனுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவரை வலைக்காரர் என்போம். உறைபெட்டிப் பனியில் ஸ்டிக்கர் உரிந்துவிடும் என்று, தான் ரத்தம் நிரப்பும் ஒவ்வொரு சோதனைக் குழாயின் கழுத்திலும் வலையின் நீல நூலை இரட்டை முடிச்சாகப் போடுவார். நான்கு மாதத்துக்கு முன் காய்ச்சலில் செத்துப் போனார்.

அதற்கு நான்தான் காரணம். யாரிடமும் சொன்னதில்லை.

காய்ச்சல் வந்த அன்று தன் ரத்தத்தைப் பழக்க தோஷத்தில் வௌவால் ரத்தப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். நாற்பது வௌவால், நாற்பத்தொரு குழாய். எண்ணிக்கைப் பிழை என்று நினைத்துப் பட்டியலில் அந்தக் கடைசி வரியை அழித்தேன், குழாயையும் தூக்கிப் போடச் சொன்னேன். மருத்துவர்கள் கண்ணில் அது படவே இல்லை. “என் ரிசல்ட் வந்துச்சா?” என்று சாகும்வரை கேட்டாராம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

தம்பி உறைபெட்டியைத் திறந்தான்.

“நேத்து நாப்பது வௌவால்க்கா. நீயே எண்ணிக்கோ.”

எண்ணினேன். நாற்பத்தொன்று.

மறுபடி எண்ணினேன்.

கடைசிக் குழாயில் மட்டும் பனி இல்லை. தொட்டால் இளஞ்சூடு. கழுத்தில் நீல நூல், இரட்டை முடிச்சு. ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஈர வலையின் வாடை மெல்ல ஏறியது.

“இதை யாருடா கட்டினது?”

“தெரியலக்கா. நான் ஸ்டிக்கர்தான் ஒட்டுவேன்.” சட்டைக் கையை ஏற்றிவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும்.

“ரத்தம் குடுத்தியா?”

அவனும் அப்போதுதான் பார்த்தான். முகம் வெளுத்துப் போனது.

“இல்லக்கா. நான் குடுக்கவே இல்ல.”

அவன் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ வலையை உதறினார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையில் குழாய், இன்னொரு கையில் தம்பி, ஒரே ஓட்டமாகத் தலைமை டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். வலைக்காரர் விஷயத்தையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். அவர் என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டார்.

“உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். முதல்ல இவனைப் படுக்க வை.”

குழாயில் இருந்தது தம்பியின் ரத்தம். வலைக்காரரைக் கொன்ற அதே கிருமி. முதல் நாளே சிக்கியதால் மருந்து கேட்டது. என் வேலை நிலைக்காது என்று தெரியும். இருந்தாலும் பட்டியலைத் திறந்து, அழித்த வரியை மறுபடி எழுதினேன்: நாற்பத்தொன்று, மனிதர், வலைக்காரர். இனியாவது அவர் போய்விடுவார் என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் காலை தம்பி எழுந்து உட்கார்ந்து, “பசிக்குதுக்கா” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகம் கழுவக் குழாயடிக்குப் போய் மேலங்கியின் கையை ஏற்றினேன்.

ஈர வலையின் வாடை.

என் முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு. அதைச் சுற்றி நீல நூல், இரட்டை முடிச்சு.