எங்கள் வாசலில் டிரம் நிற்கக் கூடாது

டிசம்பர் பிறந்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். சிவப்பு, மஞ்சள், வால் வைத்தது, வால் இல்லாதது என்று எல்லாம் இருக்கும். வாடைக்காற்று அடித்தால் எல்லா ஸ்டாரும் ஒரே பக்கமாகத் திரும்பி ஆடும்.

அந்த டிசம்பரில் எங்கள் வீட்டு வாசல் இருட்டாக இருந்தது.

ஆடி மாதம் காய்ச்சலில் எங்கள் அம்மா இறந்துபோனார். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. ஸ்டார் கட்டக் கூடாது. பலகாரம் சுடக் கூடாது. வீடு வீடாகக் கேரல் பாடி வருகிறவர்களும் அங்கே வரமாட்டார்கள். அந்த வாசல் நெருங்கும்போது டிரம்மை நிறுத்திவிடுவார்கள். கையில் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்து தாண்டிப் போவார்கள். அதற்கு மரியாதை என்று பெயர்.

என் தம்பி டைசனுக்கு ஐந்து வயது. அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

"சலேத்தக்கா, கிறிஸ்துமஸ் தாத்தா நம்ம வீட்டுக்கு எப்ப வருவாரு?" என்று கேட்டான்.

"கேரல் வரும்போது வருவாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது நடக்காதே என்று எனக்கு உறைத்தது. அதற்குள் அவன் உள்ளே ஓடி, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கேரல் வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அவனிடம் போய், தாத்தா வரமாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாத்தாவை வரவைப்பது அதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

முதலில் அத்தையிடம் போனேன். செபஸ்தியம்மா அத்தை அப்பாவின் அக்கா. அடுத்த வீட்டில் இருக்கிறார். அம்மா போன பிறகு எங்களுக்குச் சோறு ஆக்கித் தருவது அவர்தான். மீன் அறுத்துக்கொண்டே, இது கோயில் சட்டம், மீறினால் பங்குச்சாமி கோபித்துக்கொள்வார் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் கோயில் பாதிரியாரான அந்தச் சாமியிடமே கேட்டேன். அவர் எங்கள் ஊருக்குப் புதிது. அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை இளைஞர் குழு வைத்த பழக்கமாக இருக்கும் என்றார்.

இளைஞர் குழுவின் தலைவர் கிளமெண்ட் அண்ணன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அங்கேயும் போனேன். தாங்கள் ஒரு பழக்கமும் வைக்கவில்லை, எல்லாம் உன் அப்பாவின் மனசு நோகக் கூடாது என்பதற்காகத்தான் என்று அவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன்.

"ஊரு என்ன சொல்லும் பாப்பா?" என்றார் அப்பா.

ஊர் என்றால் யார் என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். அத்தை, சாமி, கிளமெண்ட் அண்ணன், அப்பா. எல்லாரையும்தான் கேட்டாகிவிட்டது. வாலிபால் ஆடுகிற மாதிரி ஒருவர் அடித்ததை அடுத்தவர் அடித்தார். பந்து கடைசியில் என் கையில் வந்து விழுந்தது.

விழுந்த பந்தை நான் கீழே போடுவதாக இல்லை.

பரண்மேல் போன வருடத்து ஸ்டார் கிடந்தது. இறக்கித் தூசி தட்டினேன். ஒரு முனையை எலி கடித்து வைத்திருந்தது. ஒட்டுப்போடக் கொஞ்சம் தடிமனான காகிதம் வேண்டும். வீடு முழுக்கத் தேடியதில் என் கணக்குப் பரீட்சைத் தாள்தான் கிடைத்தது. அதை வெட்டி ஒட்டி, உள்ளே பல்பு போட்டு, வாசலில் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

ஸ்டார் சிவப்பாக எரிந்தது. ஒரு முனையில் மட்டும் முப்பத்தெட்டு என்ற எண் தெருவுக்கே தெரிந்தது.

அத்தை கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏ புள்ள, கழட்டு அத. தெருவே பாக்குது."

"பாக்கத்தான அத்தை ஸ்டார் கட்டுறது."

"கணக்குல நீ வாங்குன லட்சணத்தையுமா பாக்கணும்?"

"அதையும் பாக்கட்டும்."

அத்தை கரண்டியை என் முகத்துக்கு நேராக ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் வீட்டில் குழம்பு தீய்ந்த வாசனை வந்தது.

மறுநாள் காலை அப்பா கடலிலிருந்து வந்தார். ஸ்டாரை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பல்பை மட்டும் கழற்றி அலமாரியில் வைத்தார்.

சாயங்காலம் நான் அதே ஸ்டூலைப் போட்டுப் பல்பை மாட்டினேன். சாப்பிடுவதற்கு முன் அப்பா கழற்றினார். அடுத்த நாள் நான் மாட்டினேன். அவர் கழற்றினார். இப்படியே பல நாள் போனது. இதைப்பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஸ்டூலை எடுத்து உள்ளே வைப்பதைக்கூட நிறுத்திவிட்டோம்.

ஒருநாள் பல்பைக் கழற்றிய அப்பா கீழே இறங்காமல் ஸ்டூல்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெளக்கு எரிஞ்சா அம்மாவ மறந்துட்டோம்னு ஆயிரும் பாப்பா" என்றார்.

சண்டை போட நான் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவர் குரலைக் கேட்டதும் பாதி மறந்துபோனது. மீதியைச் சொன்னேன்.

"இருட்டா இருந்தா மட்டும் நெனைக்கிறாங்களாப்பா? ஆடியிலருந்து அம்மா பேர யாராச்சும் சொல்லிக் கேட்டீங்களா? அத்தை 'அவ'ங்குறாங்க. கிளமெண்ட் அண்ணன் 'அந்த அக்கா'ங்குறாரு. நீங்க அதுகூடச் சொல்லல."

அப்பா பல்பை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மாட்டு என்று சொல்லவில்லை. மாட்டாதே என்றும் சொல்லவில்லை.

நான் மாட்டினேன். அன்றைக்கு அதை யாரும் கழற்றவில்லை.

உடனே கிளமெண்ட் அண்ணனிடம் ஓடினேன். எங்கள் வீட்டில் ஸ்டார் எரிகிறது, நீங்கள் வரலாம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டுத் துக்க வீட்டில் டிரம் அடித்தார்கள் என்று நாளைக்கு யாராவது பேசினால் என்ன செய்வது என்றார். உன் அப்பா தன் வாயால் சொல்லட்டும், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அப்பா தன் வாயால் எதுவுமே சொல்கிறவர் இல்லை.

கேரல் எங்கள் தெருவுக்கு வரும் நாள் வந்தது. இருட்டத் தொடங்கியதுமே தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. டைசன் பவுடர் பூசி, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு படியில் தயாராக உட்கார்ந்திருந்தான். அப்பா உள்ளே கட்டிலில் இருந்தார்.

ஒவ்வொரு வீடாகப் பாட்டு நெருங்கி வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் டைசன் ஒரு படி கீழே இறங்கினான். எங்களுக்கு மொத்தமே மூன்று படிதான். அதனால் மறுபடி மேலே ஏறி, மறுபடி இறங்கினான்.

அத்தை வீட்டில் பாடி முடித்தார்கள். அத்தை எல்லாருக்கும் முறுக்குக் கொடுத்தார். அடுத்தது நாங்கள்.

டிரம் நின்றது.

பேட்டரி விளக்கு அணைந்தது. வரிசையாக எல்லாரும் எங்கள் வாசலைத் தாண்டி நடக்கத் தொடங்கினார்கள். மணலில் செருப்புகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கிறிஸ்துமஸ் தாத்தாவும் நடந்தார். வயிற்றில் கட்டியிருந்த தலையணை நழுவாமல் இருக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் போனார். யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, தாத்தா போறாரு" என்றான் டைசன். அவன் அழவில்லை. அவர் வழி தெரியாமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டான். "தாத்தா, எங்க வீடு இங்கன இருக்கு" என்று கூப்பிட்டான்.

தாத்தாவின் கால்கள் ஒரு நொடி தயங்கின. ஆனால் பின்னால் வந்தவர்கள் தள்ள, அவர் மறுபடி நடந்தார்.

நான் படியிலிருந்து குதித்து ஓடி, தெருவின் நடுவில் போய் நின்றேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டேன். எங்கள் தெரு குறுகலானது. அதற்குமேல் ஒருவரும் போக முடியாது.

"சலேத்து, உள்ள போம்மா" என்று கிளமெண்ட் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "மரியாதைக்குத்தான் இப்படிப் போறோம்."

"யாருக்கு மரியாதை?"

அவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அம்மா பேரு ஜெசிந்தா. உங்களுக்கெல்லாம் பாட்டு எடுத்துக் கொடுத்ததே அவங்கதான். அவங்க வீட்டு வாசல்ல பாட்டு நின்னா அது என்ன மரியாதை? எங்களுக்கு வேணுமா வேணாமானு ஒருத்தராச்சும் வந்து கேட்டீங்களா?"

"கேட்டா அழுவீங்கன்னுதாம்மா" என்றார் கிளமெண்ட் அண்ணன்.

"அழுவோம். அழுதுகிட்டே பாட்டுக் கேப்போம். அதுக்கென்ன?"

கைகளை இறக்கினால் போய்விடுவார்களோ என்று அப்படியே விரித்து வைத்திருந்தேன். யாரும் அசையவில்லை. கூட்டம் முழுவதும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. திரும்பினேன்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேல் ஸ்டார் எரிந்தது. அவர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு டிரம் வைத்திருந்தவனைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே, பாப்பா கேக்குறால்ல. என் ஜெசிந்தா வீடு இது. அடி."

டிரம்காரன் அடித்துவிட்டான். ஆனால் பாட்டு வரவில்லை. முதல் வரியை எப்போதும் அம்மாதான் எடுத்துக் கொடுப்பார். கிளமெண்ட் அண்ணன் தொண்டையைச் செருமினார். வேறு ஒருவரும் செருமினார். டிரம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பக்கத்து வாசலிலிருந்து ஒரு குரல் பாட்டைத் தொடங்கியது. அது செபஸ்தியம்மா அத்தையின் குரல். முறுக்குச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டவே முடியாத உயரத்தில் எடுத்தார். அந்த உயரத்துக்கு எல்லாரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டியதாயிற்று. பாட்டு நன்றாக இல்லை. ஆனால் ஊர் எல்லைவரை கேட்டிருக்கும்.

நான் அழுதேன். அப்பாவும் அழுதார். சொன்ன மாதிரியே அழுதுகொண்டே கேட்டோம்.

கிறிஸ்துமஸ் தாத்தா டைசனிடம் குனிந்து மிட்டாய் கொடுத்தார். குனிந்ததில் தலையணை கீழே விழுந்தது. டைசன் அதை எடுத்து மணலைத் தட்டி, "தாத்தா, உங்க வயிறு" என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

அப்பா என்னைப் பார்த்து, நீயும் அவர்களோடு போ என்று தலையசைத்தார். டைசனும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நாலு வீடு தள்ளி சந்தியாகு மாமா வீடு வந்தது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஐப்பசியில்தான் அவர் மனைவி இறந்திருந்தார். அங்கே ஸ்டார் இல்லை. சன்னலும் சாத்தியிருந்தது. பழக்கத்தில் கிளமெண்ட் அண்ணனின் கை மேலே போனது. டிரம் நின்றது. விளக்குக்காரன் சுவிட்சில் கை வைத்தான்.

அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இங்கன என்ன செய்யுறது?" என்றார் கிளமெண்ட் அண்ணன்.

"கேப்போம்" என்றேன். போய்க் கதவைத் தட்டினேன்.

சந்தியாகு மாமா கைலியோடு வந்து நின்றார். இத்தனை பேரைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"மாமா, கேரல் வந்திருக்கோம். பாடவா, வேணாமா?"

அவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. பாட்டு இன்னும் கேக்க முடியல" என்றார்.

"சரி மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

"ஏலே, நில்லுங்க" என்றார் மாமா. "அந்தத் தாத்தா மட்டும் உள்ள வரட்டும். தெனமும் ஒத்தையில உக்காந்து காபி குடிச்சு சலிச்சுப்போச்சு."

தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். யாரும் கூப்பிடாமலே டைசனும் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. பிறகு டைசன் எதையோ நீளமாகச் சொல்லும் குரலும், மாமா 'அப்படியா' என்று கேட்கும் குரலும் வந்தன.

காபி குடித்து முடியும்வரை நாங்கள் தெருவில் சத்தம் போடாமல் நின்றோம். விளக்கை மட்டும் ஒருவரும் அணைக்கவில்லை.