பீற்றர் சேர் வெளியே வராத நாள்

காலை 6.10. அமிர்தகழி இறங்குதுறைக்குப் பக்கத்தில், புதர் மறைத்த சேற்றில் இராசதுரையின் உடல் கிடந்தது. பின்மண்டையில் காயம். எட்டு மணிக்குள் தோணிக்காரன் டிலுக்ஷனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குத் துறையில் தனியாக நின்றவன் அவன்தான்.

8.40. செத்தவரின் பக்கத்து வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியர் பீற்றரின் கதவை இன்ஸ்பெக்டர் சரீப் தட்டினார். ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தன. சரீப்பின் காற்சட்டையில் முழங்கால்வரை சேறு.

வாசலில் நின்ற ஜீப்பின் பக்கம் பீற்றர் திரும்பவே இல்லை. திரும்பத் தைரியம் எங்கே? உள்ளே இருந்தவன் அவரிடம் படித்த பிள்ளை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா! அலமாரி நிறைய ரஷ்ய நாவல்கள். பாவம் செய்தவன் தன் வாயால் சொல்லும்வரை அவனுக்கு விமோசனமில்லை என்று முப்பது வருடம் வகுப்பில் முழங்கியவர். இன்றைக்கு அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நேற்றுக் காலையில பத்து மணிக்கு நீங்களும் இராசதுரையும் துறைக்குப் போனதை முன்வீட்டுச் சீதேவி அக்கா கண்டிருக்கா, சேர்."

"ஓம். வேலிச் சண்டையைப் பேசித் தீர்ப்பமெண்டு போன நாங்க. நான் திரும்பி வந்திட்டன்."

"பிறகு?"

"பின்னேரம் அஞ்சரைக்கும் கண்ட நான். கடைசிப் படியில இருந்து தண்ணிக்குள்ள காலைப் போட்டுக்கொண்டு இருந்தவர்."

"உயிரோட?"

"உயிரோடதான்."

அந்த ஒரு சொல்லில் டிலுக்ஷனின் கழுத்தில் சுருக்கு இறுகியது. பீற்றருக்கும் அது தெரியும்.

"மற்ற நேரமெல்லாம்?"

"வீட்டுக்குள்ளதான். வாசிச்சுக்கொண்டு இருந்தன்."

சரீப் பெருமூச்சு விட்டார். "அதான் உங்களுக்குத் தெரியல்ல. நேற்றுப் பதினொரு மணிக்கு முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி விட்டவங்க, சேர். வாவித் தண்ணி கடலுக்கு ஓடிற்று. அஞ்சரைக்குக் கடைசிப் படிக்குக் கீழ வெறும் சேறு. ஊரே வேடிக்கை பார்க்கப் போச்சு, நீங்க மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறீங்க. தண்ணிக்குள்ள கால் போட்டிருந்தவரை நீங்க கண்டது பத்து மணிக்கு. தள்ளினது நீங்க."

பீற்றர் கதிரையில் சரிந்தார். அப்பாடா என்றும் இருந்தது, வெட்கம் பிடுங்கியும் தின்றது.

சரீப் குரலைத் தாழ்த்தினார். "கைகலப்பில தவறி விழுந்தவர், என்ன சேர்?"

ஓம் என்றால் போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும். பீற்றர் இல்லையென்று தலையாட்டினார்.

"முதல்ல அந்தப் பிள்ளையை இறக்கிவிடுங்க. நான் தள்ளி விழுந்தாப் பிறகு இராசதுரை ரெண்டு தரம் என்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர். கேட்டுக்கொண்டேதான் நான் வீட்டுக்கு நடந்து வந்த நான். அதையும் எழுதுங்க."